படகுத் துறையில் நடக்கும் கூத்துக்குக் காப்பீடு காசு கொடுக்குமா?

துடுப்பன்

வணக்கம் நண்பர்களே. பழைய மோட்டார் படகு ஒன்றுக்கு விலை பேசி முடித்தாயிற்று. 6 மீட்டர், ஃபைபர் உடல், பின்னால் ஓர் அவுட்போர்டு எஞ்சின். இப்போது காப்பீட்டுப் படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். புயல், தீ, திருட்டு என்று போட்டிருப்பது புரிகிறது. ஆனால் துறையில் நின்று வேடிக்கை பார்த்தவரையில், படகுக்குப் புயல் செய்யும் சேதத்தைவிடப் படகுக்காரர் செய்யும் சேதம்தான் அதிகம் என்று தோன்றுகிறது.

சமீபத்தில் பார்த்தது: ஒருவர் முன்கயிற்றை அவிழ்த்தார், வீட்டார் எல்லாரையும் உட்காரவைத்தார், கரையில் நின்றவர்களுக்குக் கையசைத்தார், திராட்டிலைத் தள்ளினார். பின்கயிறு ஜெட்டியிலேயே, அதாவது படகு கட்டும் மேடையிலேயே, கட்டிக்கிடக்கிறது! படகு கம்பீரமாகப் புறப்பட்டு, கயிறு விறைத்ததும் சடாரென்று நின்று, அரைவட்டம் அடித்துத் திரும்பி, பக்கத்துப் படகின் விலாவில் போய் முட்டியது. மனிதர் அப்போதும் கையசைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் காப்பீடு பணம் கொடுக்குமா? இல்லை, "உங்கள் மறதிக்கு நாங்கள் என்ன செய்ய" என்று கைவிரித்துவிடுமா? பதிலோடு உங்கள் துறைக் கதைகளையும் போட்டால் புண்ணியமாகப் போகும்.

கரைக்காக்கை

பதில் எனக்குத் தெரியாது. கதை இருக்கிறது.

படகு இறக்கும் சரிவில் நடந்தது. ஒருவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கினார். கச்சிதமான வேலை. வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, படகைப் பிடித்திருக்கும் வின்ச் கொக்கியைக் கழற்றப் பார்த்தார். கொக்கி அசையவில்லை. வண்டி அசைந்தது. கைப்பிரேக் போடவில்லை போலிருக்கிறது. யாரையும் அவசரப்படுத்தாமல், ஏதோ அதற்கும் குளிக்க ஆசை வந்ததுபோல, நிதானமாகப் பின்னாலேயே இறங்கியது. படகு மிதந்தது. அதில் மாட்டிய டிரெய்லர் தொங்கியது. டிரெய்லரில் மாட்டிய வண்டி பின்கண்ணாடி வரை நனைந்தது. கடைசியாக, மழை பெய்கிறது என்று நினைத்துக்கொண்டு வைப்பர் தானாக ஓட ஆரம்பித்தது. அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த கூட்டம் அங்கேதான் உடைந்தது.

ஈரச்சட்டை

நான் சொல்கிறேன் பதில். கொடுக்க மாட்டார்கள். பிரீமியம் வாங்கும்போது "சகல ஆபத்துக்கும் பாலிசி" என்பார்கள். கிளைம் போட்டதும் பொடி எழுத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள். என் மைத்துனர் படகு கட்டிவைத்த இடத்திலேயே மூழ்கியது. புயலில்லை, அலையில்லை. ஒரு பைசா வரவில்லை.

பழைய சர்வேயர்

துடுப்பன், முதலில் உங்கள் கையசைத்தவருக்குப் பதில். அவருக்குப் பணம் கிடைக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

மறதிக்கும் அசட்டுத்தனத்துக்கும் காப்பீடு இல்லை என்பது பரவலான நம்பிக்கை. கடல் காப்பீட்டில் அது தலைகீழ். பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டம், பிரிவு 55: வேண்டுமென்றே செய்த தீங்குக்குக் காப்பீட்டாளர் பொறுப்பில்லை. ஆனால் பாலிசியில் உள்ள ஓர் ஆபத்தால் நஷ்டம் வந்திருந்தால், மாலுமியின் கவனக்குறைவு அதற்கு வழி செய்தது என்பதற்காக மட்டும் அவர் தப்பித்துக்கொள்ள முடியாது. இந்தியாவின் 1963 சட்டமும் அதை அப்படியே அடியொற்றியது. யோசித்துப் பாருங்கள், மனிதர்கள் தப்பே செய்யாமல் இருந்தால் காப்பீட்டுக்கு வேலையே பாதிதான்.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. சாதாரணத் தேய்மானம், சாதாரணக் கசிவு, பொருளின் உள்ளேயே இருக்கும் கோளாறு, எலி முதலிய பிராணிகளால் நேரடியாக வரும் நஷ்டம், இவற்றுக்குப் பாலிசியில் தனியாக எழுதாதவரை பணம் இல்லை.

ஆக ஒரு நொடி அசட்டுத்தனத்துக்குக் காசு உண்டு, ஒரு வருடச் சோம்பேறித்தனத்துக்குக் கிடையாது. நான் பார்த்த தகராறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதுதான்.

கரைக்காக்கையின் வண்டி: நனைந்த வண்டிக்கு வண்டிக்கான பாலிசி. படகுக்குப் படகுப் பாலிசி. டிரெய்லரைப் பெரும்பாலும் தனி உருப்படியாகக் குறித்திருக்க வேண்டும், பலர் விட்டுவிடுவார்கள். கொக்கி கழலாததால் படகு தப்பித்தது. அந்தக் கொக்கிக்கு ஒரு மாலை போடலாம்.

ஈரச்சட்டை, உங்கள் மைத்துனர் படகு எதனால் மூழ்கியது? கம்பெனி கடிதத்தில் என்ன காரணம் போட்டிருந்தார்கள்?

மட்டுறுத்துநர்

நல்ல இழை. கம்பெனிப் பெயரும் பிரீமியத் தொகையும் வேண்டாம், கதை எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள்.

நங்கூரம் அக்கா

ஜெட்டியில் ஒரு கால், படகில் ஒரு கால் வைத்து நிற்கும் அந்தக் காட்சியை யாரும் சொல்லவில்லையே! எந்தத் துறையிலும் இது தவறுவதில்லை. எங்கள் துறையில் ஒரு நண்பர், கையில் ஐஸ் பெட்டி, தோளில் பை, பல்லில் சாவி. இடது காலைப் படகில் வைத்தார். வைத்த காலே படகைத் தள்ளிவிடும் அல்லவா? இடைவெளி மெல்ல விரிய ஆரம்பித்தது. அந்த நேரத்தில் மனிதன் முகத்தில் வரும் மாறுதலைப் பார்க்க வேண்டும். முதலில் சந்தேகம், பிறகு கணக்கு, பிறகு ஞானம். பெட்டியைக் கீழே போட்டால் ஒருவேளை தப்பிக்கலாம். போட மாட்டார். யாருமே போடுவதில்லை, ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கடைசியில் பெட்டி மிதந்தது, பை மிதந்தது, அவரும் மிதந்தார். சாவி மட்டும் மிதக்கவில்லை.

சாவியோடு கார்க் உருண்டை ஒன்றைக் கோர்த்துக்கொள்ளுங்கள் துடுப்பன். அதுதான் இந்த உலகத்திலேயே மலிவான காப்பீடு.

சர்வேயர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. இப்படி விழுந்து காலை உடைத்துக்கொண்டால் படகுப் பாலிசியில் வருமா?

பழைய சர்வேயர்

விழுந்தது யார் என்பதைப் பொறுத்தது அக்கா. படகுப் பாலிசியில் பொதுவாக இரண்டு பெரிய பாகம் இருக்கும். ஒன்று உடல் காப்பீடு, அதாவது உங்கள் படகுக்கும் எஞ்சினுக்கும் வரும் சேதம். மற்றது பொறுப்புக் காப்பீடு, அதாவது உங்களால் அடுத்தவருக்கு வரும் சேதமும் காயமும். உங்கள் படகில் ஏறிய விருந்தாளி விழுந்து, அதற்கு நீங்கள் சட்டப்படி பொறுப்பானால் இரண்டாவது பாகம் வரும். சில பாலிசிகளில் மருத்துவச் செலவுக்கென்று ஒரு சிறு தொகை, யார் தப்பு என்று பார்க்காமலே கொடுப்பார்கள். படகின் சொந்தக்காரரே பல்லில் சாவியோடு விழுந்தால் பெரும்பாலும் அவருடைய சொந்த மருத்துவக் காப்பீடுதான் கதி.

துடுப்பன் பார்த்த முட்டலிலும் இப்படித்தான் பிரியும். படகில் கயிறு கட்டும் கொம்பான கிளீட் பிய்ந்ததும் சொந்தப் படகின் கீறலும் முதல் பாகம், அதில் உங்கள் பங்காக ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார்கள். பக்கத்துப் படகின் விலா இரண்டாம் பாகம். சின்னச் சேதமாக இருந்தால் கழிவுத் தொகைக்குள்ளேயே அடங்கிப்போகும், கிளைம் போட்டுப் பயனில்லை.

கரைக்காக்கை

கவனித்தீர்களா, இந்த இழையில் எல்லாருக்கும் ஒரு நண்பரோ மைத்துனரோ இருக்கிறார். சொந்தமாக விழுந்தவர் ஒருவரும் இல்லை.

பில்ஜ்வாசி

கரைக்காக்கை, எனக்கும் ஒரு நண்பர் இருக்கிறார். டிரெயின் பிளக் போட மறந்தவர்.

துடுப்பன், நீங்கள் புதுசு என்பதால் சொல்கிறேன். டிரெய்லரில் வைக்கும் படகின் பின்பலகையில், அடியில், தண்ணீர் வடிய ஒரு துவாரம் இருக்கும். கரையில் திறந்து வைக்க வேண்டும், இறக்கும் முன் அடைக்க வேண்டும். மறந்தால் என்ன ஆகும்? ஓர் அங்குல ஓட்டை, நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே. நிமிடத்துக்கு 40 முதல் 70 லிட்டர் வரை உள்ளே வரும், ஓட்டையின் விளிம்பைப் பொறுத்து. ஒரு மணி நேரத்தில் 2,400 லிட்டருக்குக் குறையாது. படகின் அடிப்பள்ளமான பில்ஜில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் சின்ன பில்ஜ் பம்பின் மேல் 2,000 லிட்டர் என்று எழுதியிருக்கும். அது தண்ணீரை மேலே ஏற்றாமல் கிடைமட்டமாகத் தள்ளினால் வரும் கணக்கு. குழாய் வளைந்து நெளிந்து ஒரு மீட்டர் உயரம் ஏறும்போது அவ்வளவெல்லாம் வராது.

இதில் வேடிக்கை என்னவென்றால் வேகமாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. மூக்கு நிமிர்ந்து ஓடினால் வந்த தண்ணீர்கூட அந்த ஓட்டை வழியே வெளியே இழுபடும். நின்றால்தான் மூழ்கும். அப்படி ஒருவர் விஷயம் தெரிந்த பிறகு நிறுத்தப் பயந்து விரிகுடாவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மனைவி ஜெட்டியில் நின்று "வா, வா" என்கிறார். இவர் ஒவ்வொரு சுற்றிலும் "பிளக்! வண்டிக்குள்!" என்று கத்திவிட்டுப் போகிறார். எஞ்சின் சத்தத்தில் அந்த அம்மாவுக்கு அது காதில் விழவில்லை, சந்தோஷமாக ஓட்டுகிறார் என்று நினைத்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஈரச்சட்டை

சர்வேயர் கேட்டதற்குப் பதில். எஞ்சின் குளிர்விக்கக் கடல்நீர் உள்ளே வரும் குழாய் கழன்றுவிட்டது. படகு ஒரு ராத்திரியில் கட்டிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. "பராமரிப்பின்மை" என்று ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிட்டார்கள். குழாய் திடீரென்றுதானே கழன்றது? பிளக் மறந்தவனுக்குப் பணம் உண்டு, குழாய் கழன்றவனுக்கு இல்லை என்றால் இது எந்த ஊர் நியாயம்?

பழைய சர்வேயர்

நியாயமான கேள்வி. கழன்றது திடீரென்றுதான். கழலும் நிலைக்கு வந்தது திடீரென்றா என்பதைத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

சேதத்தைப் பார்த்து மதிப்பிட வரும் சர்வேயர் எதைப் பார்ப்பார் என்று சொல்கிறேன். மூழ்கிய படகைத் தூக்கியதும் முதலில் தேடுவது அந்தக் குழாயின் நுனியைத்தான். நல்ல ரப்பர் குழாயை விரலால் அழுத்தினால் எதிர்த்துத் தள்ளும். செத்த குழாய் ஒன்று மொறமொறவென்று வெடிப்பு விட்டிருக்கும், அல்லது ஊறிய தோல் மாதிரி அமுங்கி, விரலில் கருப்பாக ஒட்டும். குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் துருக்கறை படிந்திருந்தால் அந்த கிளாம்ப் அறுந்து பல மாதம் ஆகியிருக்கும், குழாய் பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். கிளாம்பின் பட்டையைத் திருப்பினால் திருகுக்குள் ஒளிந்திருக்கும் பகுதியில்தான் துரு முதலில் தின்னும், வெளியே பளபளப்பாகவே இருக்கும். அதனால்தான் நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு நுனிக்கும் இரண்டு கிளாம்ப் போடச் சொல்வது. உங்கள் மைத்துனர் குழாயை எடுத்து வைத்திருக்கிறாரா?

பிளக் கதையில் மறதி. ஒரு காலை நேரத்து மறதி. பல பாலிசிகளில் அது தேறும். சில பாலிசிகள் அதையும் பெயர் சொல்லி விலக்கியிருக்கும், ஆகையால் விலக்குப் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. சில பாலிசிகள் பழுதான பாகத்தின் விலையை மட்டும் கழித்துவிட்டு, அதனால் விளைந்த சேதத்துக்குக் கொடுக்கும். கிளாம்புக்குக் காசு இல்லை, மூழ்கிய படகுக்கு உண்டு. துடுப்பன், இரண்டு பாலிசியை ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால் பிரீமியத்துக்கு முன்னால் இந்த வாசகத்தைத் தேடுங்கள்.

ஈரச்சட்டை

குழாய் இருக்கிறது. கேட்டுச் சொல்கிறேன்.

துடுப்பன்

அந்த எலி விஷயம் நிஜமா? 1906லேயே சட்டத்தில் எலியா?

பழைய சர்வேயர்

நிஜம். கப்பலில் மனிதன் ஏறிய காலத்திலிருந்தே எலியும் டிக்கெட் வாங்காமல் ஏறிக்கொண்டுதான் வருகிறது. சரக்கைத் தின்பது சகஜம், சகஜமானதற்குக் காப்பீடு கிடையாது.

நூலகப்பூனை

எலி என்றதும் வந்துவிட்டேன். கடல் வழக்குகள் படிப்பது என் பொழுதுபோக்கு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1887. லண்டன் பிரபுக்கள் சபை, அப்போது அதுதான் உச்ச நீதிமன்றம். ஹாமில்டன், ஃப்ரேசர் என்ற ஒரே கப்பல் கம்பெனிக்கு ஒரே வருடத்தில் இரண்டு வழக்கு.

முதலாவது 'இஞ்ச்மாரி' என்ற நீராவிக் கப்பல். கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் துணைப் பம்பை ஓட்டினார்கள். திறந்திருக்க வேண்டிய ஒரு வால்வு மூடியிருந்தது. தண்ணீருக்குப் போக வழியில்லை, பம்பு வெடித்துப் பிளந்தது. கம்பெனி காப்பீடு கேட்டது. பாலிசியில் இருந்தது "கடலின் ஆபத்துகள்". நீதிபதிகள் சொன்னார்கள்: இந்தப் பம்பு தரையில் இருந்தாலும் இப்படித்தான் வெடித்திருக்கும், இதில் கடல் எங்கே வந்தது? பணம் இல்லை.

இரண்டாவதுதான் எலி. பர்மாவின் அக்யாபிலிருந்து அரிசி ஏற்றி வந்த கப்பல். எலி ஒரு குழாயைக் கடித்து ஓட்டை போட்டுவிட்டது. அந்த வழியாகக் கடல்நீர் புகுந்து அரிசி நாசம். சரக்குக்காரர்கள் கப்பல் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தத்தில் "கடலின் ஆபத்துகளுக்கும் விபத்துகளுக்கும் கப்பல் பொறுப்பில்லை" என்று ஒரு வரி. இங்கே நீதிபதிகள் கப்பல் பக்கம் நின்றார்கள். ஓட்டை போட்டது எலியாக இருக்கலாம், அரிசியைக் கெடுத்தது கடல், ஆக இது கடலின் ஆபத்து!

வால்வை மூடிய மனிதனால் தோற்றார்கள், குழாயைக் கடித்த எலியால் ஜெயித்தார்கள். சர்வேயர் ஐயா, 1906 சட்டத்தில் "நேரடியாக" என்று ஒரு சொல் போட்டீர்களே, அதற்குள்தான் இந்தச் சூட்சுமம் உட்கார்ந்திருக்கிறது. எலி அரிசியைத் தின்றால் நேரடி. எலி குழாயைத் தின்று கடல் உள்ளே வந்தால்?

பழைய சர்வேயர்

பூனை எலியைப் பிடித்துவிட்டது. சரியான பாயிண்ட். ஆனால் துடுப்பனைக் குழப்ப வேண்டாம். அது பெரிய கப்பல்களின் சரக்கு ஒப்பந்தத்தை வைத்து வந்த தீர்ப்பு. இன்றைய சிறுபடகுப் பாலிசி பலவற்றில் பூச்சி, எலி, பறவைக்கூடு என்று தனியாகவே விலக்கி எழுதிவிடுகிறார்கள். எழுதிவிட்டால் பிரபுக்கள் சபை வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இஞ்ச்மாரியின் பின்கதையையும் சொல்லியிருக்கலாம் நீங்கள். அந்தத் தோல்வியைப் பார்த்துப் பதறிய கப்பல்காரர்களுக்காகக் காப்பீட்டுச் சந்தையே ஒரு புது வாசகத்தைச் சேர்த்தது. மாலுமி, எஞ்சினியர் கவனக்குறைவு, வெளியே தெரியாத உள்கோளாறு, கொதிகலன் வெடிப்பு எல்லாம் அதில் வந்தன. அதற்குப் பெயரே இஞ்ச்மாரி வாசகம். மூடிக்கிடந்த ஒரு வால்வின் தயவில்தான் இன்றைக்கு நம் கையசைத்த நண்பருக்குப் பணம் கிடைக்கிறது என்றால் மிகையில்லை.

நங்கூரம் அக்கா

எலிக்கு உள்ள மரியாதைகூட, கட்டிய படகுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் கம்பிக்கு இல்லை. அதைப் பிடுங்காமல் கிளம்பியவர்கள் எத்தனை பேர்! கயிறு எல்லாம் சரியாக அவிழ்த்துச் சுருட்டி வைப்பார்கள், மஞ்சள் நிறத்தில் கை மொத்தத்துக்குத் தொங்கும் கம்பி மட்டும் கண்ணில் படாது. ஒருவர் கிளம்பியதில் படகின் சுவரில் இருந்த பிளக் பாயிண்ட் அப்படியே சதையோடு பெயர்ந்து ஜெட்டியில் தொங்கியது. அவர் வானொலியில் "துறையில் மின்தடையா?" என்று கேட்டார்.

சிரிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். கரை மின்சாரம் உள்ள துறைகளில், குறிப்பாக நன்னீர் ஏரிகளில், படகுகளுக்கு நடுவே யாரையும் நீந்த விடாதீர்கள். ஏதாவது ஒரு படகில் ஒயரிங் பழுதாக இருந்தால் தண்ணீரில் மின்சாரம் கசியும். உப்புநீரைவிட மனித உடம்பில் மின்சாரம் சுலபமாகப் போகாது. நன்னீரில் அதற்கு உடம்புதான் சுலபமான வழி. கை கால் மரத்துப்போய் ஆள் சத்தமில்லாமல் முங்கிவிடுவார். காப்பாற்றக் குதிப்பவரும் அதே கதி. முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிக் கத்துங்கள், மிதவையை எறியுங்கள்.

கரைக்காக்கை

அக்கா சொன்ன பிறகு என் கதை சப்பென்று இருக்கும், ஆனாலும். கடலோரத் துறை. ஏற்றத்தின்போது ஒருவர் வந்து, படகு ஆடக்கூடாது என்று நாலு கயிற்றையும் இறுக்கிக் கட்டினார். நல்லா இறுக்கி. திருப்தியாகத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஆறு மணி நேரத்தில் வற்றம். தண்ணீர் இறங்கிவிட்டது, படகு இறங்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் துணி காயப்போட்ட மாதிரி ஜெட்டியில் தொங்குகிறது. கயிற்றை வெட்டினால் விழும். வெட்டாவிட்டால் கிளீட் பிய்யும். மனிதர் போன் எடுத்துக் கம்பெனிக்குப் பேசினார். "படகு எங்கே இருக்கிறது?" "ஜெட்டியில்." "தண்ணீரிலா, கரையிலா?" அரை நிமிடம் பேச்சே இல்லை.

ஏற்றம் வரும்வரை காத்திருந்தார்கள். அதுவே இறக்கிவிட்டது.

பில்ஜ்வாசி

அவருக்கு ஓரமிட்டு நீளமாகப் போகும் ஸ்பிரிங் கயிறு தெரிந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. முன்னிருந்து பின்னுக்கும் பின்னிருந்து முன்னுக்கும் படகின் நீளத்துக்குக் கட்டும் கயிறு, ஏற்ற இறக்கத்தில் கொஞ்சமாகத்தான் கோணம் மாறும். குறுக்கே குட்டையாகக் கட்டிய கயிறுதான் தூக்கில் போடும். வித்தியாசம் பெரிதாக உள்ள இடத்தில் மிதக்கும் ஜெட்டியில் இடம் பாருங்கள், கவலையே விட்டது.

துடுப்பன்

ஒரு சந்தேகம். படகு மூழ்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது என்கிறார்களே?

பழைய சர்வேயர்

யார் சொன்னது! இந்த ஒரு வதந்தியால் போன எஞ்சின்கள் ஏராளம். மேலும் சேதம் ஆகாமல் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது உங்கள் கடமை, 1906 சட்டத்தின் 78ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. அதற்கான நியாயமான செலவும் வழக்கமாகப் பாலிசியில் வரும். உடனே போன் செய்து தெரிவியுங்கள், படம் எடுங்கள், கழன்ற பாகத்தைப் பத்திரப்படுத்துங்கள், அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

உப்புநீரில் மூழ்கிய எஞ்சின் தண்ணீருக்குள் இருக்கும்போது கெடுவதைவிட, தூக்கிக் காற்றுப் பட்டதும்தான் வேகமாகக் கெடும். ஆகையால் தூக்கும் முன்பே மெக்கானிக்கைத் தயாராக நிறுத்துங்கள். நன்னீரில் கழுவி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் நிரப்பி, அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை அது. நாலு நாள் கழித்து வந்த சர்வேயருக்கு நீங்கள் காட்டப்போவது எஞ்சின் வடிவத்தில் ஒரு துருக்கட்டிதான்.

மூழ்கிய படகைத் தூக்கும் செலவையும் பாருங்கள். சில பாலிசியில் அது படகின் மதிப்புத் தொகைக்குள்ளேயே அடக்கம். தூக்கவே பாதி போய்விட்டால் படகுக்கு மீதிப் பாதிதான். தனித் தொகையாகக் கொடுக்கும் பாலிசி நல்லது. எண்ணெய் கசிந்து தண்ணீர் கெட்டால் சுத்தம் செய்யும் செலவும் அப்படியே.

நூலகப்பூனை

எண்ணெய் என்றதும் ஞாபகம். தூண்டில் கம்பு செருக வைத்திருக்கும் குழாய்க்குள் பெட்ரோலை ஊற்றியவர் கதை யாருக்காவது தெரியுமா? டேங்க் மூடிக்குப் பக்கத்திலேயே அதே அளவில் ஒரு துளை. ஊற்றினார், ஊற்றினார், டேங்க் நிரம்பவே இல்லை. "இந்தப் படகுக்கு இவ்வளவு பெரிய டேங்கா" என்று பெருமைப்பட்டாராம்.

பில்ஜ்வாசி

அதில் சிரிக்க ஒன்றுமில்லை பூனை. அந்தக் குழாய் பல படகுகளில் நேராக பில்ஜுக்குத்தான் போகும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாவியைத் திருப்பும் ஒரு பொறி போதும். உள்ளே எஞ்சின் வைத்த பெட்ரோல் படகுகளில் ஆவியை வெளியே தள்ளும் விசிறியான புளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்டிய பிறகே எஞ்சினைத் தொட வேண்டும் என்று ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள். அப்போதும் மூக்கை வைத்துப் பாருங்கள். வாசனை இருந்தால் எல்லாரையும் இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஈரச்சட்டை

மைத்துனரிடம் பேசினேன். குழாயின் படம் அனுப்பினார். கிளாம்ப் பள்ளத்தில் துருக்கறை இருக்கிறது. ஒரே ஒரு கிளாம்ப். ஆனால் குழாய் கருப்பாக ஒட்டவில்லையாம், கெட்டியாகத்தான் இருக்கிறதாம். மூழ்குவதற்குச் சில மாதம் முன்பு மெக்கானிக் எஞ்சினைப் பார்த்த பில்லும் இருக்கிறது. அதைக் கம்பெனிக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "அவர்கள் கேட்கவில்லையே" என்கிறார்.

பழைய சர்வேயர்

முதலில் அந்த பில்லை அனுப்பச் சொல்லுங்கள். பராமரித்தேன் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பில்லில் குழாய், கிளாம்ப் என்று ஒரு வார்த்தை இருந்தால் இன்னும் நல்லது. வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே அறுந்த கிளாம்ப், பாலிசியின் வாசகம் இடம் கொடுத்தால், வெளியே தெரியாத கோளாறு என்று வாதாட முடியும். ஜெயிக்கும் என்று நான் சொல்லவில்லை. சுதந்திரமான ஒரு சர்வேயரிடம் குழாயையும் கிளாம்பையும் காட்டி எழுத்தில் கருத்து வாங்கி, மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். அதற்கும் கால வரம்பு இருக்கும், கடிதத்தில் தேதியைப் பாருங்கள்.

ஈரச்சட்டை

சரி. நன்றி சர்வேயர். முதல் பதிவில் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன், ஆனால் பொடி எழுத்து பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன்.

துடுப்பன்

கடைசிக் கேள்வி. படிவத்தில் "எஞ்சின் குதிரைசக்தி" என்று இருக்கிறது. விற்பவர் எஞ்சினை மாற்றியிருக்கிறார், பழைய பதிவுத் தாளில் சின்ன எஞ்சினின் எண் இருக்கிறது. பிரீமியம் குறையும், அதையே போட்டுவிடுங்கள் என்கிறார். அப்புறம் மதிப்பு என்ற இடத்தில் இரண்டு தேர்வு, ஒப்புக்கொண்ட மதிப்பு, சந்தை மதிப்பு.

பழைய சர்வேயர்

போடாதீர்கள். கடல் காப்பீடு முழு நேர்மையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். தெரிந்தே பொய் எழுதினால், பின்னால் மின்னல் தாக்கிப் போன படகுக்குக்கூட அந்த எஞ்சினைக் காட்டி மறுக்க வழி கொடுக்கிறீர்கள். படகின் உடல் தாங்கக்கூடிய சக்தி எவ்வளவு என்று பின்பலகையிலோ ஓட்டுநர் இருக்கைப் பக்கத்திலோ ஒரு தகடு இருக்கும், அதையும் பாருங்கள். புது எஞ்சின் அதைத் தாண்டியிருந்தால் காப்பீட்டைவிடப் பெரிய பிரச்சினை உங்களுக்கு இருக்கிறது.

மதிப்பில், கட்டுப்படியானால் ஒப்புக்கொண்ட மதிப்பு. முழுதாகப் போனால் எழுதிய தொகை வரும். சந்தை மதிப்பில் பிரீமியம் குறைவு, ஆனால் வயதைக் கழித்துத்தான் கொடுப்பார்கள். பழைய படகென்றால் அந்தக் கழிவே நெஞ்சடைக்க வைக்கும்.

துடுப்பன்

தகட்டைப் போய்ப் பார்த்துவிட்டு விற்பவரிடம் பேசுகிறேன். அதற்கு முன் அந்தப் பின்பலகைத் துவாரத்துக்குப் பிளக் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும், விளம்பரப் படத்தில் காணோம்.

பில்ஜ்வாசி

இரண்டாக வாங்குங்கள். ஒன்றை எஞ்சின் சாவியோடு கட்டிவிடுங்கள்.

நங்கூரம் அக்கா

கார்க் உருண்டையோடு.